பெரியப்பாவின் ‘ஸ்வீப்பர்’ கப்பல்

ஜொகூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேடாங் என்றால் மலைதான். தங்காக் பக்கம் போகும்போது கார்க் கண்ணாடி வழியே தெரியும் 1,276 மீட்டர் உயர மலை. பெண் கேட்டு ஆள் அனுப்பிய மலாக்கா சுல்தானிடம் ஏழு தட்டு நிறையக் கொசுவின் இதயம் வேண்டும் என்று சொன்ன இளவரசியின் மலை. எங்கள் வீட்டில் மட்டும் லேடாங் என்றால் கப்பல்.

என் பெரியப்பா 1960களில் அரச மலேசியக் கடற்படையின் கே.டி. லேடாங் கப்பலில் வேலை பார்த்தவர். கே.டி. என்பது காப்பால் டிராஜா, அதாவது அரச கப்பல். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். ஸ்கூடாயில், தாமான் உங்கு துன் அமினாவில் மகள் வீட்டில் இருக்கிறார். காலையில் பசியாறியதும் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பார். கப்பலைப் பற்றி நாமாகக் கேட்டால் ஒழியப் பேசமாட்டார்.

கூலாய் பக்கத்து ரப்பர்த் தோட்ட லயத்தில் இருந்து 19 வயதில் கடற்படைக்குப் போனவர். முதல் முறை லீவில் வந்தபோது எந்தக் கப்பல் என்று பாட்டி கேட்க, “ஸ்வீப்பர் கப்பல்” என்றாராம். பாட்டிக்குத் தெரிந்த ஸ்வீப்பர், டவுனில் தெருக் கூட்டுகிறவர். இவ்வளவு தூரம் போய்க் கூட்டுற வேலையிலா சேர்ந்திருக்கிறான் என்று பாட்டி அன்று இரவு சாப்பிடவே இல்லை. மறுநாள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. “கவர்மெண்டு வேலைதானே, பரவாயில்ல” என்று மண்டோர் வந்து ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாராம்.

பாட்டியைக் குறை சொல்ல முடியாது. மலாயில் கண்ணிவெடிக்குப் பெயர் பெரியோக் ஆப்பி, நெருப்புப் பானை. அதை அகற்றும் கப்பல் காப்பால் பெஞாப்பு பெரியோக் ஆப்பி. பெஞாப்பு என்றால் நம் வீட்டு மூலையில் நிற்கிற விளக்குமாறுதான். தமிழில் இதைக் கண்ணிவாரிக் கப்பல் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வாருவதும் கூட்டுவதும் ஒன்றுதானே.

இந்தப் பழங்கதை இப்போது மறுபடி வெளியே வந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகன். எஸ்.பி.எம். முடித்துவிட்டு, கடற்படையில் சேரப்போகிறேன் என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னான். அண்ணி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவர் பயம் காரணமில்லாத பயம் இல்லை. 2024 ஏப்ரலில் லுமூட்டில் இரண்டு கடற்படை ஹெலிகாப்டர்கள் நடுவானில் மோதி 10 பேர் இறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர். அதே ஆண்டு ஆகஸ்டில் கே.டி. பெண்டேகார் கப்பல் நம் ஜொகூர்க் கடலிலேயே மூழ்கியது. அதில் இருந்த 39 பேரும் உயிர் பிழைத்தார்கள் என்றாலும், கப்பல் மூழ்கியது மூழ்கியதுதான். அண்ணன் வேறு வழி சொல்லிப் பார்த்தார். கப்பல்தான் வேண்டும் என்றால் பக்கத்திலேயே யூ.டி.எம். இருக்கிறதே, கப்பல் கட்டும் பொறியியல் படிக்கலாமே, அங்கே மாதிரிக் கப்பலை இழுத்துச் சோதிக்க 120 மீட்டர் நீளத்தில் தண்ணீர்த் தொட்டியே வைத்திருக்கிறார்களே என்று. பையன், தொட்டியில் ஓட்டுவது தனக்கு வேண்டாம் என்றுவிட்டான்.

கடைசியில் அண்ணிதான் பெரியப்பாவிடம் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார். இருந்து பார்த்தவர், வேண்டாம் என்று அவரே சொன்னால் பையன் கேட்பான் என்ற நம்பிக்கை. நானும் போனேன். போவதற்கு முன்னால் அந்தக் கப்பலைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். தினமும் விடிவதற்குள் பஸ் ஏறிக் காஸ்வேயைத் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். நெரிசலில் நிற்கும் நேரத்துக்குப் படிக்க ஏதாவது வேண்டும். அன்று மலேசியக் கடற்படையின் தளம் இருந்ததே நான் தினமும் இறங்கும் அந்த உட்லண்ட்ஸில்தான்.

கதை கொரியாவில் தொடங்குகிறது. 1950 அக்டோபரில் அமெரிக்கப் படை வொன்சான் துறைமுகத்தில் இறங்கப் போனது. சுமார் 250 கப்பல்கள் வந்து நின்றன. ஆனால் அதற்குள் கடலில் சுமார் 3,000 கண்ணிகளைப் போட்டுவிட்டார்கள். பல, பழைய காலத்துக் கண்ணிகள். அவற்றை அகற்றப் போன இரண்டு அமெரிக்கக் கப்பல்கள் அக்டோபர் 12ஆம் தேதி ஒரே நாளில் மூழ்கின. அத்தனை பெரிய படையும் பல நாள் கடலிலேயே காத்துக் கிடந்தது. இதைப் பார்த்த பிரிட்டன் அவசர அவசரமாகக் கண்ணி அகற்றும் கப்பல்களைக் கட்டத் தொடங்கியது. நூற்றுக்கு மேல் கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் ‘டன்’ என்று முடியும் சிற்றூர்களின் பெயர்கள். அதில் ஒன்று ஹெக்ஸ்டன், இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபர்ட்ஷயரில் உள்ள ஒரு குக்கிராமம். அந்த ஹெக்ஸ்டன்தான் 1963ல் மலேசியாவுக்கு வந்து லேடாங் ஆனது.

அதற்கு முன்பே 1960ல் டார்லஸ்டன் என்ற கப்பல் வந்து மகாமிரு என்று பெயர் பெற்றிருந்தது. 1964ல் ஜெராயும் கினபாலுவும், 1966ல் தஹானும் பிரிஞ்சாங்கும் வந்தன. ஆறுக்கும் மலைகளின் பெயர்கள். படிக்கும்போது எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். மகாமிரு நம் மகாமேருதான். ஜெராய் மலையின் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது, ராஜேந்திர சோழன் கதையில் வரும் கடாரம். தமிழன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து மார்தட்டும் பழக்கம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. ஆனாலும் பஸ்ஸில் நின்றபடி சிரித்துக்கொண்டேன்.

46 மீட்டர் நீளம், முழுப் பாரத்தோடு சுமார் 440 டன். போர்க்கப்பல் கணக்கில் இது குட்டிக் கப்பல். அதைவிட முக்கியம், அது மரக் கப்பல். அலுமினியச் சட்டகத்தின் மேல் இரட்டை அடுக்கு மொஹோகனிப் பலகை. இரும்புக் கப்பல் கடந்து போகும்போது அதன் காந்தத்தை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகள் உண்டு. அதனால்தான் மரம்.

கூட்டுகிற வேலையைப் பெரியப்பாதான் கைகளால் காட்டிக் காட்டிச் சொன்னார். அவருக்குக் கப்பலின் பின்தளத்தில் வின்ச் பக்கத்தில் வேலை. நீளமான கம்பி வடத்தைப் பின்னால் கடலில் விடுவார்கள். அதன் நுனியில் ஒரு மிதவை. வடத்தைப் பக்கவாட்டில் விரித்துப் பிடிக்க ஒரு பலகை, வேண்டிய ஆழத்தில் நிறுத்த இன்னொரு பலகை. நாம் பட்டம் விடுகிற மாதிரிதான், காற்றுக்குப் பதில் தண்ணீர். வடத்தில் இடையிடையே வெட்டுக் கத்திகள் இருக்கும். கடலடியில் ஒரு பாரத்தை வைத்து, அதிலிருந்து சங்கிலியில் கட்டி நீருக்குள் மிதக்கவிட்ட கண்ணி இருந்தால், வடம் அந்தச் சங்கிலியைத் தேய்த்துக்கொண்டே போய்க் கத்தியில் கொண்டுவந்து விடும். சங்கிலி அறுந்ததும் கண்ணி மேலே வந்துவிடும். அதைத் தூரத்தில் இருந்து சுட்டுவிடுவார்கள். காந்தக் கண்ணிக்கு வேறு முறை. மின்சாரம் பாயும் கேபிளைப் பின்னால் இழுத்துப் போய், பெரிய கப்பல் வருவதாகக் கண்ணியை ஏமாற்றி வெடிக்க வைப்பார்கள்.

“வடம் அறுந்தா ஆளை ரெண்டாப் போட்டுரும். வெடியை விட எங்களுக்கு வடத்துமேலதான் பயம்” என்றார்.

அண்ணன் மகன் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டான்.

“நீங்க எத்தனை வெடி எடுத்தீங்க தாத்தா?”

“ஒண்ணுகூட இல்லய்யா.”

பையன் முகம் விழுந்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் இது பழைய கேலிதான். கண்ணிவெடிக் கப்பலில் இருந்து ஒரு வெடியும் பார்க்காதவர் என்று சித்தப்பா கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார். பெரியப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஆனால் லேடாங் வந்து சேர்ந்த வருடம் என்ன வருடம் என்று பார்க்க வேண்டும். 1963 செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா பிறந்தது. இந்தோனேசிய அதிபர் சுகர்னோ அதை ஏற்கவில்லை. கொன்ஃப்ரொண்டாசி என்று நம் பெற்றோர்கள் சொல்லும் அந்த மோதல் முற்றிய காலம். போர்னியோ காடுகளில் நடந்ததாகத்தான் பலர் நினைக்கிறார்கள். நம் ஊருக்கும் அது வந்தது. 1964 ஆகஸ்ட் 17ஆம் தேதி சுமார் 100 பேர் படகுகளில் பொந்தியான் கரையில் வந்து இறங்கினார்கள். ஸ்கூடாயில் இருந்து பொந்தியான் சாலையைப் பிடித்தால் ஒரு மணி நேரம்கூட ஆகாத இடம். அடுத்து செப்டம்பர் 2ஆம் தேதி லாபிஸில் பாராசூட்டில் குதித்தார்கள். அக்டோபர் கடைசியில் மலாக்கா எல்லையில் கெசாங் ஆற்றுப் பக்கம் இன்னொரு கூட்டம் படகில் வந்தது.

படகில் வருகிறவர்களைக் கடலிலேயே நிறுத்தப் பெரிய போர்க்கப்பல்கள் சரிப்படாது. சிங்கப்பூருக்கும் ரியாவ் தீவுகளுக்கும் நடுவே கடல் 20 கிலோமீட்டருக்கும் குறைவு. அதில் சரக்குக் கப்பல், மீன்படகு, பண்டமாற்று வியாபாரிகளின் படகு எல்லாம் போகும் வரும். குட்டியாக, ஆழமில்லாத இடத்திலும் போகக்கூடிய, இராத்திரி முழுக்க மெதுவாகச் சுற்றிவரக்கூடிய கப்பல்தான் வேண்டும். கண்ணி அகற்றும் கப்பல்கள் அதற்கு அளவெடுத்தது போல் இருந்தன. பிரிட்டன், ஆஸ்திரேலியா, மலேசியா மூன்றும் அவற்றைக் காவலுக்குப் போட்டன. வடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, விளக்கை அணைத்துக்கொண்டு ரோந்து போனார்கள்.

அது சும்மா சுற்றி வருகிற வேலையும் இல்லை. 1964 டிசம்பரில் சிங்கப்பூர் நீரிணையில் ஆஸ்திரேலியாவின் டீல் என்ற கப்பல், இதே டன் வகைதான், விளக்கில்லாமல் வந்த ஒரு படகை நிறுத்தச் சொன்னது. படகில் இருந்து இயந்திரத் துப்பாக்கிச் சூடு வந்தது. டீல் திருப்பிச் சுட்டதில் படகில் இருந்த மூன்று பேர் இறந்தார்கள்.

“இருட்டுல ஒரு மோட்டார் சத்தம் கேக்கும். மீன்காரனா, வேற ஆளானு தெரியாது. கிட்டப் போய் லைட்டை அடிக்கிற வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கும். பத்துக்கு ஒம்பது மீன்காரன்தான். அவன் நம்மளைவிட நடுங்குவான். மீன் குடுப்பான், வாங்கக் கூடாது” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நேரம் சும்மா இருந்தார் பெரியப்பா. பிறகு, “பத்தாவது யாருன்னு கேக்காதீங்க” என்றார். நாங்கள் கேட்கவில்லை.

கூட்டுவதற்குக் கட்டிய கப்பல் வேறு வேலைக்குப் போவது இந்த வகைக் கப்பல்களுக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப் போரில் அன்றைய இந்தியக் கடற்படைக்காக ஆஸ்திரேலியாவில் நான்கு கண்ணி அகற்றும் கப்பல்கள் கட்டப்பட்டன. பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப். அதில் பெங்கால் 1942 நவம்பர் 11ஆம் தேதி இந்தியப் பெருங்கடலில் ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாகப் போய்க்கொண்டிருந்தது. ஜப்பானின் ஹோக்கோக்கு மாரு, ஐக்கோக்கு மாரு என்ற இரண்டு பெரிய ஆயுதக் கப்பல்கள் எதிரே வந்தன. பெங்காலிடம் பெரிய துப்பாக்கி என்று ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. ஓடாமல் எதிர்த்துப் போனது. சண்டையில் ஹோக்கோக்கு மாரு தீப்பிடித்து மூழ்கியது. பெங்காலும் பிழைத்தது, ஒண்டினாவும் பிழைத்தது.

நம் கடலிலும் கண்ணிகள் நிஜமாகவே இருந்தன. 1945ல் வங்காளத்தின் கரக்பூர் பக்கத்து விமானத் தளங்களில் இருந்து கிளம்பிய அமெரிக்க பி-29 விமானங்கள், ஜப்பானியக் கப்பல்களைத் தடுக்கச் சிங்கப்பூர், பினாங்கு கடல்வழிகளில் கண்ணிகளைப் போட்டன. போர் முடியும் தறுவாயில் ஜூலை மாதம் புக்கெட் அருகே கண்ணி அகற்றிக்கொண்டிருந்த பிரிட்டனின் ஸ்குவிரல் கப்பலே கண்ணியில் மோதி மூழ்கியது. இரண்டு நாள் கழித்து, அதனுடன் வேலை செய்த வெஸ்டல் கப்பல்மேல் ஜப்பானியத் தற்கொலை விமானம் வந்து விழுந்தது. செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது கண்ணி அகற்றும் கப்பல்கள் முன்னால் கூட்டிக்கொண்டே வர, மற்றக் கப்பல்கள் பின்னால் வந்தன. தோட்டங்களுக்கு அரிசி மூட்டை மறுபடி வரத் தொடங்கியது அப்படிக் கூட்டிய கடல்வழியில்தான். பெரியப்பா அப்போது கைக்குழந்தை.

மோதல் 1966 ஆகஸ்டில் முடிந்தது. பெரியப்பா லேடாங்கிலேயே தொடர்ந்தார். 1967 டிசம்பர் 1ஆம் தேதி நடந்ததை மட்டும் நாங்கள் கேட்காமலேயே சொன்னார். அதுவரை நம் கடற்படைக்குத் தலைமை தாங்கியவர் ஆஸ்திரேலிய அதிகாரி. அன்று பொறுப்பேற்றவர் கே. தனபாலசிங்கம். கோலாலம்பூர் விக்டோரியா இன்ஸ்டிடியூஷனில் படித்து, இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர். அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர், அப்போது வயது 31. 1976 கடைசி வரை ஒன்பது ஆண்டுகள் அவர்தான் கடற்படைத் தலைவர்.

“நான் அவருகிட்ட ஒரு வார்த்த பேசினது இல்ல. அவரு எங்கயோ, நான் எங்கயோ. ஆனா அன்னிக்குச் சாயந்தரம் ஆத்தாவுக்குக் கடுதாசி எழுதினேன், பெரிய தொரையே நம்ம ஆளுன்னு. கூட்டுற வேலைன்னு அழுதுச்சுல்ல” என்றார்.

நம் பிள்ளைகளுக்குப் படையில் என்ன வேலை என்று இன்று சர்வ சாதாரணமாகப் பேசுகிறோம். விண்ணப்பமே போடாமல், போட்டாலும் கிடைக்காது என்று முடிவு கட்டிவிடுகிறோம். கிடைக்காமல் போன கதைகளும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் லயத்தில் இருந்து போனவரும் அதே கடற்படையில்தான் இருந்தார், தலைவராக வந்தவரும் அதே கடற்படையில்தான் இருந்தார் என்பதை என் அண்ணன் மகன் பள்ளிக்கூடத்தில் கேள்விப்பட்டதே இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

பெரியப்பா 12 ஆண்டுகளில் கடற்படையை விட்டு வந்து, பிறகு பாசிர் கூடாங் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவருடைய கப்பலின் பெயர் மட்டும் நின்றுவிடவில்லை. இத்தாலியில் கட்டிய நான்கு புதுக் கப்பல்கள் 1985ல் கடற்படையில் சேர்ந்தன. மகாமிரு, ஜெராய், லேடாங், கினபாலு என்று அதே பெயர்கள். தஹானும் பிரிஞ்சாங்கும் அந்த வரிசையில் இல்லை. புதியவை மரம் இல்லை, கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்த்த உடல். 51 மீட்டர் நீளம். இவற்றில் வடத்தை இழுத்துக் கூட்டுவதைவிட, சோனார் வைத்துக் கடலடியைத் துழாவி, கண்ணி போலத் தெரியும் ஒவ்வொன்றையும் பக்கத்தில் போய்ப் பார்க்க ஆளில்லாச் சிறு நீர்மூழ்கி வாகனத்தை அனுப்புவதுதான் வேலை.

உலகம் முழுக்க இந்த வகைக் கப்பல்கள் தேய்ந்து வருகின்றன. யாரும் முதலில் பணம் ஒதுக்குகிற கப்பல் இல்லை இது. இந்தியக் கடற்படையில் கடலூர், காக்கிநாடா, ஆலப்புழை என்று கடற்கரை ஊர்களின் பெயரில் இருந்த கண்ணி அகற்றும் கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று, 2019 ஏப்ரலில் கடைசிக் கப்பலான கோழிக்கோடும் போய்விட்டது. அத்தனை நீளக் கடற்கரைக்கு அதன் பிறகு ஒன்றுகூட இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அண்ணி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு நேராக விஷயத்துக்கு வந்தார்.

“மாமா, உங்க பேரன்னா அனுப்புவீங்களா?”

“என் பேரன்தானேம்மா இவன்” என்றார் பெரியப்பா.

“அப்படி இல்ல மாமா…”

“புரியுதும்மா. ஆபத்து இல்லன்னு நான் சொல்லமாட்டேன். தண்ணி தண்ணிதான். நான் 12 வருசத்துல ஒரு வெடிகூட எடுக்கலன்னு உன் சின்ன மாமன் சிரிப்பான். நாங்க சுத்துன அத்தன ராத்திரியில பாதி ராத்திரி எதுவுமே நடக்கல. எதுவும் நடக்காம இருக்கிறதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம் குடுத்தாங்க. இவனுக்கு அது போதும்னா போகட்டும். சினிமா மாதிரி இருக்கும்னு நெனச்சா வேணாம்.”

பையனைப் பார்த்தார். பையன் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணிவெடி எண்ணிக்கையைக் கேட்டபோது விழுந்த முகம் இப்போது வேறு மாதிரி இருந்தது. என்ன நினைக்கிறான் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதன் பிறகு பேச்சு சாப்பாட்டுக்குப் போய்விட்டது. கப்பலில் சோறா ரொட்டியா, விரதம் இருக்க விடுவார்களா, தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று அண்ணி கேட்கக் கேட்க, பெரியப்பா அரை மணி நேரம் பதில் சொன்னார். ஒரு தீபாவளிக்கு லேடாங்கின் சின்ன சமையலறையில் ஆட்டுக்கறி சமைத்ததையும், மசாலாவில் கை மிஞ்சிப் போய்க் கப்பலில் இருந்த முப்பத்துச் சொச்சம் பேரும் தண்ணீர் தேடியதையும் சொல்லும்போது அவருக்கே சிரிப்புத் தாங்கவில்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி எங்கே என்று அண்ணி கேட்டார். தஞ்சோங் பெங்கெலியில் என்றான் பையன். செனாய்-டேசாரு நெடுஞ்சாலையில் போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அண்ணன் கணக்குப் போட்டுச் சொன்னார். ஒன்றரை மணி நேரம்.

அண்ணி சரி என்று இன்னும் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழ் அலமாரியில் எந்த ஃபைலில் இருக்கிறது என்று மட்டும் மறுநாள் காலை அவனிடம் சொல்லியிருக்கிறார்.